தேவரஞ்சனிக்கு ஒரு டிக்கெட்

பெரிய பெரிய ஆட்களைப் பார்க்க ஷூட்டிங் நடக்கும் இடத்தில் போய்க் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை, அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸின் முன்படிக்கட்டில் நின்றால் போதும் என்பது பாஞ்சாலியின் கட்சி. பஸ் உயரம், கார் தாழ்வு. எத்தனை கோடி போட்டு வாங்கிய காராக இருந்தாலும் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் கண்டக்டரின் முட்டிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அதுவும் மெட்ரோ ரயிலுக்காக மந்தைவெளியிலும் லஸ்ஸிலும் ரோட்டைத் தோண்டிப் போட்டதிலிருந்து, நின்ற கார் நகரக் குறைந்தது பத்து நிமிஷம் ஆகிறது. ஊரே மெட்ரோவைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதை மனதார வாழ்த்திய ஒரே ஜீவன் பாஞ்சாலியாகத்தான் இருக்கும்.

பாஞ்சாலி அந்த பஸ்ஸின் கண்டக்டர். வயது நாற்பத்து மூன்று. பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு, அதற்கு முன்னால் அடையாற்றங்கரையில் இருந்தது. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, கையில் டிக்கெட் மிஷின், கொண்டையில் பூவுக்குப் பதில் ஒரு பால்பாயின்ட் பேனா. டிக்கெட் ரோல் முடியப்போகும்போது தாளின் ஓரத்தில் சிவப்புக் கோடு விழும். மற்ற கண்டக்டர்கள் அந்த மீதித் தாளைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவார்கள். பாஞ்சாலிக்கு அதுதான் நோட்டுப் புத்தகம். பஸ்ஸிலிருந்து பார்த்த பிரபலங்களைப் பற்றி அதில் கவிதை எழுதுவாள்.

அதற்குச் சட்டதிட்டம் எல்லாம் வைத்திருந்தாள். செல்ஃபி கேட்கக் கூடாது. கையெழுத்து கேட்கக் கூடாது. பார்த்த அன்றைக்கே எழுதிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் எழுத வேண்டும், இட்டுக்கட்டி ஒரு பொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. கவிதை என்றாலே பொய் என்று யாராவது சொன்னால் பாஞ்சாலிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முதல் வாசகர் டிரைவர் லாரன்ஸ். சாந்தோம்காரர், நாற்பது வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நாலு வார்த்தை பேசுகிறவர். தி.நகர் டெர்மினஸில் டீ குடிக்கும்போது பாஞ்சாலி படித்துக் காட்டுவாள். பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் "டீல சக்கர பத்தல" என்பார். படங்களில் ஊரையே நடுங்கவைக்கும் ஒரு வில்லன் நடிகரைப் பற்றிய கவிதைக்கு அவரிடமிருந்து இரண்டு "ம்" கிடைத்தது.

நூறு படத்தில் கழுத்தை நெரித்த கை
எல்டாம்ஸ் ரோடு சிக்னலில்
வேர்க்கடலை உரிக்குது.
தோலை ரோட்டில் போடாமல்
தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட
நல்லவனை
இதுவரை எந்த டைரக்டரும் பார்க்கவில்லை.

காரில் போன ஒரு இசையமைப்பாளரைப் பற்றிச் சின்னதாக ஒன்று:

ஊரையே தூங்கவிடாமல் ஆடவைத்தவர்
மந்தைவெளியில் வாய்திறந்து தூங்குகிறார்.
லாரன்ஸ் அண்ணே, ஹாரன் அடிக்காதே.

தன் பேர் வந்ததால் இதற்கு லாரன்ஸ் டீயே வாங்கிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன நவம்பரில் அந்த மழை பெய்கிறவரைக்கும்.

அன்றைக்கு பஸ் தி.நகரிலிருந்து அடையாறு திரும்பிக்கொண்டிருந்தது. மந்தைவெளியில் ஒரு அம்மா ஏறினாள். மூக்குவரை மாஸ்க், தலையைச் சுற்றி மஃப்ளர், கையில் கீரைக்கட்டு எட்டிப்பார்க்கும் கட்டைப்பை. எங்கே என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் பாலம் இருக்கும் திசையைக் கையால் காட்டினாள். பாஞ்சாலி அடையாறுக்கு ஒரு மகளிர் டிக்கெட், அதாவது காசில்லா டிக்கெட், கிழித்துக் கொடுத்தாள். திரு.வி.க. பாலத்தின் மேல் போனதும் பஸ் நின்றது. முன்னால் ஏதோ லாரி மல்லாந்துவிட்டதாம். மழை வெளுத்து வாங்கியது. ஜன்னல்களை எல்லாம் அடைத்து, உள்ளே எண்பது பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. தாய் என்னென்னவோ செய்து பார்த்தாள், நிற்கவில்லை. பின் சீட்டில் ஒருவர் உச்சுக்கொட்டினார், இன்னொருவர் முணுமுணுத்தார், இனி சண்டைதான் என்ற கட்டத்தில் அந்த மாஸ்க் போட்ட அம்மா குழந்தையின் பக்கம் குனிந்தாள்.

"அழாத கண்ணு. கீழ ஆறு பேசுது பாரு. என்ன சொல்லுதுன்னு கேப்போமா?"

அவ்வளவுதான். குழந்தை நிறுத்தியது. பஸ்ஸே முணுமுணுப்பை நிறுத்தியது. அந்தக் குரல் பாஞ்சாலிக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் சைதாப்பேட்டைத் தியேட்டரில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பதினோரு தடவை கேட்ட குரல் அது. கிணற்றடியில் நின்றுகொண்டு நடிகை தேவரஞ்சனி கதாநாயகனிடம், "தேடாத, கூப்பிடு. வந்துடுவேன்" என்று சொல்லும் இடத்தில் தியேட்டரே எழுந்து நிற்கும். ஆற்றங்கரைப் பெண்பிள்ளைகள் எல்லாம் ஒரு வருஷத்துக்குத் தண்ணீர்க் குழாயடியில் அந்த வசனத்தைத்தான் பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

அடுத்த நாற்பது நிமிஷமும் அந்த அம்மா குழந்தைக்கு ஆறு சொன்ன கதையைச் சொன்னாள். அடையாறில் இறங்கும்போது பாஞ்சாலி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கோ… தேவரஞ்சனி மேடமா?"

மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிரித்தன. அந்த அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாஸ்க்கின் மேல் விரலை வைத்தாள், இறங்கினாள், மழையில் போய்விட்டாள். பாஞ்சாலி நின்ற நிற்பிலேயே ரோல் தாளைக் கிழித்து எழுதினாள். தலைப்பு 'தேவரஞ்சனிக்கு ஒரு டிக்கெட்.'

பாலத்து மேலே மழை.
பஸ்ஸுக்குள்ளே நாற்பது நிமிஷம்.
அழுத பிள்ளையை
ஆறு பேசுவதைக் கேட்கச் சொன்னாய்.
பிள்ளை கேட்டது.
நாங்களும் கேட்டோம்.
முகத்தை மூடிக்கொண்டு வந்தவளே,
உன்னை மூட
இந்த ஊரில் துணி இல்லை.

லாரன்ஸ் அன்றைக்கு "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. டீ ஆறிப்போகிறவரை கையிலேயே வைத்திருந்தார்.

வினை டைம்கீப்பர் வெள்ளைத்துரை ரூபத்தில் வந்தது. தி.நகர் டெர்மினஸில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று குறிப்பவர் அவர். தலைமுடி மேல் அவருக்கு அலாதிப் பிரியம். ஐம்பத்தாறு வயதிலும் மை போட்டதுபோல் கருகருவென்று இருக்கும், ஜன்னல் கண்ணாடியில் பார்த்து மணிக்கு ஒரு தடவை சீவிக்கொள்வார். பாஞ்சாலி சொன்னதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தேவரஞ்சனி? கீரக்கட்டோட? ஃப்ரீ பஸ்ஸுல? இன்னா பாஞ்சாலி, அளக்குறதுக்கு ஒரு அளவு வாணாம்? அந்தம்மா உன் பஸ்ஸுல ஏறுச்சின்னா நான் மொட்ட போட்டுக்கிறேன்."

"காதால கேட்டேன் சார்."

"வில்லன் கடல உரிச்சதும் இதே ரீல்தானா?"

அந்தக் கேள்விதான் பாஞ்சாலியைச் சுட்டது. ஒரு கவிதை பொய்யென்றால் எல்லாக் கவிதையும் பொய். அடுத்த வாரத்துக்குள் டிப்போ முழுவதும் அவளுக்கு 'ரீல் பாஞ்சாலி' என்று பேர் விழுந்துவிட்டது. அவள் வாயால் சொல்வது உண்மை என்பதைத் தவிர அவளிடம் பெரிய சொத்து எதுவும் கிடையாது. அதையே ஒருத்தர் சீப்பால் சீவிக்கொண்டே தட்டிவிட்டுப் போனதை அவளால் தாங்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணாச்சி உள்ளே வந்தார். சண்முகவேல் அண்ணாச்சிக்குப் பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் 'சண்முகவடிவு ஸ்டோர்ஸ்' என்று ஜவுளிக்கடை. வீட்டில் இரண்டு கார் இருந்தும், தி.நகரில் காரை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் நாலு வேட்டி விற்றுவிடலாம் என்று தினமும் பஸ்ஸில் வருகிறவர். பாஞ்சாலியின் கவிதைகளை ஓசியில் படித்துப் படித்து அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

"கண்டக்டரம்மா, ஒரு யோசன சொல்லுதேன். கடையில நாலாவது மாடி திறக்கோம். உங்க கவிதையெல்லாம் புஸ்தகமாப் போட்டு வாரவங்களுக்கு குடுப்போம். திறப்பு விழாவுக்குத் தேவரஞ்சனியவே கூப்பிட்டாச்சு. அவங்க முன்னால நீங்க அந்தக் கவிதைய வாசிக்கணும்."

பாஞ்சாலிக்குத் தரையில் கால் பாவவில்லை. தேவரஞ்சனி மேடையில் இருப்பாள், தான் வாசிப்பாள், அந்த அம்மாவே ஆமாம், நான்தான் என்பாள், வெள்ளைத்துரை முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். இதைவிட வேறென்ன வேண்டும்?

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு மனக்குறை. "அந்தக் கடைசி வரி மட்டும் கொஞ்சம் இடிக்கே. 'இந்த ஊரில் துணி இல்லை'ன்னு ஜவுளிக்கடப் புஸ்தகத்துல போட்டா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

"வரிய மாத்த மாட்டேன் அண்ணாச்சி."

"மாத்த வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது புத்தகம் கைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. கவிதைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'எங்கள் கடை நீங்கலாக.'

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். நாலாவது மாடி முழுக்கச் செவ்வந்தி மாலை, புதுத்துணி வாசனை. பாஞ்சாலி காக்கிச் சட்டை இல்லாமல் மாம்பழக் கலர்ப் புடவையில் மேடை ஓரத்தில் நின்றாள். முன் வரிசையில் லாரன்ஸ், அவருக்குப் பக்கத்தில் சீப்பும் கையுமாக வெள்ளைத்துரை. தேவரஞ்சனி வந்து இறங்கியபோது கூட்டம் அலைமோதியது. வயசானாலும் அந்த முகம் அப்படியே இருந்தது. பாஞ்சாலியைப் பார்த்துக் கைகூப்பினாள். பாஞ்சாலி கண்களைத் தேடினாள். மாஸ்க்குக்கு மேலே சிரித்த கண்கள் இதுதானா? கொஞ்சம் உயரமாகவும் தெரிந்தாள். சரி, அன்றைக்குக் கூட்டத்தில் குனிந்து நின்றிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தேவரஞ்சனி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். நீங்க என்னை மறக்கலை. ரொம்ப நன்றி."

கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல். நல்ல குரல்தான், அன்பான குரல்தான். ஆனால் கிணற்றடியில் கேட்ட குரல் இல்லை. பாலத்தில் கேட்ட குரலும் இல்லை.

வடக்கே இருந்து வந்த கதாநாயகிகளுக்கு வேறு யாரோ பின்னணியில் பேசுவார்கள் என்பது இந்த ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். பாஞ்சாலிக்கும் தெரியும். ஆனால் படம் பார்க்கும்போது அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்த உதடு அசைகிறது, இந்தக் குரல் வருகிறது, இரண்டும் ஒருத்திதான் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. பாஞ்சாலி முப்பது வருஷமாகப் போட்டு வைத்திருந்த முடிச்சு அந்த மேடை ஓரத்தில் அவிழ்ந்தது.

"இப்போது நமது கண்டக்டர் கவிஞர் பாஞ்சாலி" என்று அறிவித்துவிட்டார்கள்.

வாசித்துவிடலாம். அதுதான் சுலபம். இந்த அம்மா மறுக்கப் போவதில்லை, நல்ல கவிதைக்கு நடுவில் எந்த நடிகை எழுந்து இது நானில்லை என்று சொல்வாள்? கைதட்டுவார்கள், வெள்ளைத்துரை வாயடைத்துப் போவார், டிப்போவில் பேர் மீண்டும் வரும். மைக் வரை நடந்த எட்டு அடியில் பாஞ்சாலி இதையெல்லாம் யோசித்தாள். பிறகு தான் எதற்காக எழுத ஆரம்பித்தோம் என்பதையும் யோசித்தாள்.

"எல்லாரும் மன்னிச்சுக்கணும். நான் பார்த்ததத்தான் எழுதுவேன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். இந்த ஒரு கவிதைல மூஞ்சியப் பாக்காமலே பேரப் போட்டுட்டேன். அன்னிக்கு என் பஸ்ஸுல வந்தவங்க இந்த மேடம் இல்ல. கொரல் வேற. தப்பு என்னுது."

கூட்டம் சலசலத்தது. அண்ணாச்சி தலையில் கைவைத்தார். வெள்ளைத்துரை வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்து உட்கார்ந்து, தப்பிய தலைமுடியை ஒரு தடவை தடவிக்கொண்டார். தேவரஞ்சனி பக்கத்திலிருந்த மேனேஜரிடம் என்ன என்று கேட்டாள். அவர் காதில் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துக் கலகலவென்று சிரித்தாள். எழுந்து வந்து மைக்கை வாங்கினாள்.

"அது வைதேகி. பதினெட்டு படம், என் முகம், அவ குரல். எனக்கு ஷீல்டு குடுத்தாங்க, மாலை போட்டாங்க. அவளுக்கு ஸ்கிரீன்ல பேருகூட போடலை." "நீ கரெக்டா கேட்ட. படி. அவளுக்காகப் படி."

பாஞ்சாலி தலையை ஆட்டினாள். "இல்ல மேடம். பாசஞ்சர் ஏறாம டிக்கெட் கிழிக்க மாட்டேன்."

தேவரஞ்சனி மைக்கைக் கீழே இறக்கினாள். "எந்த பஸ்? எத்தனை மணி?" என்று கேட்டாள். பாஞ்சாலி சொன்னாள்.

அடுத்த நாலு நாள் டிப்போவில் பாஞ்சாலி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வெள்ளைத்துரை ஜன்னலிலிருந்து தேவரஞ்சனி மாதிரி கைகூப்பிக் காட்டினார். பெருக்குகிற அம்மாகூடச் சிரித்தாள். லாரன்ஸ் மட்டும் டெர்மினஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணாச்சி கொடுத்த முந்நூறு புத்தகங்களிலும் 'தேவரஞ்சனிக்கு' என்பதை அடித்துவிட்டு 'வைதேகிக்கு' என்று பேனாவால் எழுத உதவினார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஆனாலும் அத்தனை அக்கறையாக எழுதினார்.

"உள்ள எதாவது மாத்தணுமா?" என்று கேட்டார்.

பாஞ்சாலி கவிதையை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். மழை, பாலம், பிள்ளை, ஆறு, மூடிய முகம். கேட்டதை மட்டும் எழுதியிருந்ததால் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"தலப்புதாண்ணே தப்பு. கவித சரியாத்தான் கீது."

"ம்" என்றார் லாரன்ஸ்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. அடையாறிலிருந்து கிளம்பிய பஸ் மந்தைவெளிக்கு வரும்போதே பிதுங்கி வழிந்தது. பாஞ்சாலி நடுவில் நெருக்கிக்கொண்டு நின்று, பின்பக்கம் பார்த்துச் சில்லறைக்காக ஒருவரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். முன்படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"தேடாத, கூப்பிடு. வந்துடுவேன்."

பஸ்ஸில் இருந்த நாற்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை தலையும் திரும்பியது. ஒரு பூக்காரம்மா கையிலிருந்த பூப்பந்தைக் கீழே போட்டாள். பாஞ்சாலியின் விரல் மிஷினில் பட்டுத் தேவையில்லாமல் மூன்று டிக்கெட் வெளியே வந்தது.

முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குள்ளமாக, பூசினாற்போல, கண்ணாடி போட்ட ஒரு அம்மா நின்றிருந்தாள். சுங்குடிப் புடவை, தலையில் கிள்ளு மல்லி. மயிலாப்பூரில் தினமும் காய்கறிக் கடையில் நூறு பேர் பார்த்துவிட்டு மறந்துபோகிற முகம். சிரித்த கண்கள் மட்டும் அதே கண்கள்.

"கூப்பிட்டேளாமே. ஆத்துக்கு ஃபோன் வந்தது" என்றாள்.

சினிமாவில் மலையும் அருவியும் பின்னால் நிற்கக் காதல் பேசிய குரல் 'ஆத்துக்கு ஃபோன் வந்தது' என்று சொன்னதைக் கேட்டதும் பாஞ்சாலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "ஏம்மா அன்னிக்கே சொல்லக்கூடாது?" என்றாள்.

"என்னன்னு சொல்றது? முப்பது வருஷமா பேசிண்டிருக்கேன், குரலை வச்சு ஒருத்தர் என்னை நிறுத்தினதில்லை. அன்னிக்கு நீங்க நிறுத்தினேள். பேர் தப்பாத்தான் கேட்டேள், ஆனாலும் எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்தது. இல்லேன்னு சொன்னா நீங்க ஏமாந்துபோவேள். ஆமான்னா பொய். அதான் விரலை வச்சுண்டு இறங்கிட்டேன்."

"வாயத் தொறக்காம கையக் காட்னீங்களே, அது?"

"அன்னிக்கு சாயங்காலம் டப்பிங் இருந்தது. மெட்ரோ தூசி வேற. தொண்டையைப் பத்திரமா வச்சுக்கலாம்னுதான் மாஸ்க், மஃப்ளர் எல்லாம். அந்தக் குழந்தை கெடுத்துடுத்து."

வைதேகிக்குப் பின்னால், அவளைவிட ஒரு சாண் உயரமாக, பெரிய மாஸ்க்கும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட இன்னொரு அம்மா கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றாள். பாஞ்சாலியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மாஸ்க்கின் மேல் விரலை வைத்தாள். பாஞ்சாலி கண்டுகொள்ளாதவள் மாதிரி இரண்டு மகளிர் டிக்கெட் கிழித்தாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தாள். தி.நகர் டெர்மினஸில் அந்த உயரமான அம்மா இறங்கி, டைம்கீப்பர் ஜன்னலில் மாஸ்க்கைக் கழற்றிக் கரகரத்த குரலில் "டைம் என்ன சார்?" என்று கேட்டதும், அடுத்த வாரம் வெள்ளைத்துரை குடும்பத்தோடு திருத்தணிக்குப் போய்த் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பியதும் அப்புறம் நடந்த கதை. அதற்கு முன்னால் எல்டாம்ஸ் ரோடு சிக்னல் வந்தது.

சிவப்பு விழுந்ததும் பாஞ்சாலி தோல்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். மூன்று மாதமாக இந்த அம்மாவிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடும் நேரம் இது. பக்கத்தைப் பிரித்தாள், வாயைத் திறந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு புத்தகத்தை வைதேகியிடம் நீட்டினாள்.

"நீங்களே படிங்கம்மா. உங்க கொரல்லயே இருக்கட்டும்."

வைதேகி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்ஜின் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. லாரன்ஸ் சாவியைத் திருப்பி அணைத்தார். பஸ் முழுவதும் அமைதியாயிற்று. வைதேகி தாளைக் கண் தூரத்தில் பிடித்தாள், தொழில்காரியாக மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வைதேகிக்கு…"

நின்றுவிட்டாள். எத்தனையோ கதாநாயகிகளின் பேரை, காதலன் பேரை, பெற்ற பிள்ளை பேரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். எழுதிய தாளில் தன் பேர் இருந்து, அதைத் தன் குரலில் சொல்வது இதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற உயரமான அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும்" என்றாள் வைதேகி. "இன்னொரு டேக் போயிடலாம்."

பச்சை விழுந்தது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. லாரன்ஸ் கைகளை ஸ்டியரிங் மேல் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வைதேகிக்கு ஒரு டிக்கெட்" என்று ஆரம்பித்து வைதேகி வாசித்தாள். மழை பெய்தது, பாலம் வந்தது, பிள்ளை அழுதது, ஆறு பேசியது. உன்னை மூட இந்த ஊரில் துணி இல்லை என்ற இடத்தில் குரல் கொஞ்சம் கரைந்தது, உடையவில்லை. தாளில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் பேசிப் பழகியவள் ஆயிற்றே, அதே கனிவோடு, அதே ஏற்ற இறக்கத்தோடு கீழே இருந்ததையும் வாசித்தாள்.

"எங்கள் கடை நீங்கலாக."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்கள். நடு சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி வெட்கத்தில் மஞ்சப்பையால் முகத்தை மூடிக்கொண்டார். வைதேகிக்கு விஷயம் தெரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். டிரைவர் சீட்டிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

சிக்னல் மறுபடி சிவந்து, மறுபடி பச்சையாகிவிட்டது. எல்டாம்ஸ் ரோடு முழுவதும் ஹாரன் காதைப் பிளந்தது. லாரன்ஸ் இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியில் பாஞ்சாலியைப் பார்த்தார். கண்டக்டர் சொல்லாமல் அவர் பஸ்ஸை எடுக்க மாட்டார். பாஞ்சாலி கையைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

வைதேகி அவள் உதட்டைப் பார்த்தாள். வாயசைவுக்குப் பேசுவது அவளுக்குத் தெரியாத வேலையா?

"ரைட், போலாம்" என்றாள்.

லாரன்ஸ் பஸ்ஸை எடுத்தார்.